தாழிக்குள் இருந்தவர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 114 ஏக்கரும் பழைய இடுகாடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது இறந்தவர்களை இட்டுப் புதைத்த தாழிகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் இருந்த எலும்புகள் ஆய்வுக்குப் போயின. பெர்லினில் இருப்பவற்றைத் திருப்பிக் கேட்பது நியாயமே. மச்சு பிச்சுவிலிருந்து 1912இல் அள்ளிச் சென்றவற்றை யேல் பல்கலைக்கழகம் நூறாண்டு கழித்தாவது பெருவுக்குத் தந்தது. ஆனால் தாழியில் இருந்த பொருள் நம்முடையது என்றால், தாழியில் இருந்த ஆள் யாருடையவர்? ஆய்வு முடிந்த எலும்புகளைப் பறம்பிலேயே மறுபடி அடக்கம் செய்வதுதான் முறை.

வாரிசு யார் என்று தெரியாதே என்பார்கள். உண்மைதான், அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் எலும்புகளைத் திருப்பித் தரச் சொல்வது உறவு காட்டக்கூடிய பழங்குடிகளுக்கு. இங்கே உறவு தேடப் புகுந்தால் ஒவ்வொரு சாதியும் தாழிமேல் கை வைக்கும். (அந்தச் சண்டைக்கு நம்மிடம் ஆள் பஞ்சமில்லை.) ஆனால் கேட்பாரற்ற பிணத்தை அடக்கம் செய்ய ஊர் வாரிசுச் சான்று கேட்பதில்லை. கடமை ரத்தத்தால் வருவதல்ல, எடுத்த கையால் வருவது. தோண்டியது அரசு, அடக்கம் செய்ய வேண்டியதும் அரசே.

இதைவிடக் கனமான மறுப்பு அறிவியலுடையது. நாளை வரும் கருவி இன்று தெரியாததைச் சொல்லலாம். புதைத்துவிட்டால் அது போச்சு. ஆனால் ஆய்வும் அடக்கமும் இரண்டுமே நடந்ததுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1996இல் கிடைத்த ‘கென்னவிக் மனிதன்’ எலும்புக்கூட்டின் வயது எட்டாயிரம் ஆண்டுக்கு மேல். நீதிமன்ற வழக்கு, நீண்ட ஆய்வு, 2015இல் மரபணுச் சோதனை எல்லாம் முடிந்து, 2017இல் ஐந்து பழங்குடிகள் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். அறிவியல் தன் பங்கைப் பெற்றது, பிறகு விட்டுக்கொடுத்தது. இழப்பு கொஞ்சம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டியில் எண்ணிட்டு, பறம்பில் குறித்த இடத்தில் புதைத்தால், தக்க காரணம் வரும்போது திறக்கவும் முடியும்.

2023 முதல் குழிகளின்மேல் கண்ணாடி பதித்துத் தாழிகளைக் காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும், தாழியும் கலயமும் போதுமான பாடம். எலும்பை மட்டும் மண் மூடட்டும். பறம்பின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் கிடக்கிறது. இடம் தேட வேண்டியதில்லை.