கட்டிய தோணியும் தவக்குலும்

மட்டக்களப்பு வாவியின் ஆழம் குறைவு. வவுணதீவுக் கரையோரத்தில் காற்றடங்கிய நாளில் சேற்றில் ஒரு கம்பை ஊன்றித் தோணியைக் கட்டினாலே போதும். வாடைக்காற்றுக் காலத்தில் அது போதாது, நங்கூரம் வேண்டும்.

ஆழமில்லாத நீருக்குக் குறுங்கயிறு போதுமென்பது தப்பெண்ணம். கயிறு குறுகினால் ஒவ்வோர் அலைக்கும் தோணி நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும். நீண்டால் இழுப்பு நிலத்தோடு படியும். நங்கூரம் இன்னும் ஆழப் புதையும். நீரின் ஆழத்தோடு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் 5 மடங்கு. காற்றுப் பலத்தால் 7 மடங்கு. 3 அடி நீர், 1 அடி முகப்பென்றால் 20 முதல் 28 அடிக் கயிறு.

ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. நம் பொருளை நாம் காத்துக்கொள்வதற்கான அறிவுரையாகவே பெரும்பாலும் இதைக் கேட்கிறோம். ஆனால் அவிழ்ந்த தோணி தன்பாட்டில் தொலைந்து போவதில்லை. அயலவனின் வலையைக் கிழிக்கிறது. இன்னொருவனின் தோணியில் மோதுகிறது. வலை இழந்தவன் ஏழையென்றால் அன்று அவன் வீட்டில் உலை ஏறாது. அவனிடம் போய் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முன் எந்தக் கயிறும் பெரிதில்லை. அங்கே கத்ர் பேசலாம். கயிற்றில் கஞ்சத்தனம் செய்தவன் அதே சொல்லை எடுத்தால், தன் சோம்பலை இறைவன்மீது சுமத்துகிறான்.

கயிறு நம் கடமை, அயலவனின் ஹக்கு. அதற்கு அப்பாலுள்ளதே தவக்குல்.