சட்டம் நிற்கும் இடத்தில்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில், ரயில்வே தொழிலாளர்களின் வழிபாட்டில் தொடங்கியது. முனீஸ்வரன் காவல் தெய்வம். படிக்கும் பெண்ணுக்குக் காவல் யார்?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். உயர்நிலைப் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே தம்பிக்குச் சோறூட்டும் பதினான்கு வயதுப் பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்க அறம்தான் வரவேண்டும்.

இந்தியப் பிள்ளைகளின் கல்விக்கு உதவ 1991இல் தோன்றிய சிண்டா அமைப்புக்கு, விலக விண்ணப்பிக்காத இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிறு தொகை போகிறது. நல்ல தானம். அதோடு கடமை தீர்ந்ததா? தீரவில்லை.

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகள் சொல்கிறது. முதலாவதான சரியை, உடலால் செய்யும் தொண்டு. கோயிலைக் கூட்டி மெழுகுவதும் அடியாருக்குப் பணிசெய்வதும் அதில் அடங்கும். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வாரந்தோறும் வந்து உட்கார்ந்து, "நேத்து ஏம்மா ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் அக்காவின் வேலையும் சரியைதான். அதைச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது, நேரில் போகவேண்டும்.