மூலை இருட்டு

குரூப் போட்டோ ஒன்று கைக்கு வந்ததும் யாரும் முதலில் தேடுவது தம்முடைய முகத்தைத்தான். இதைத் தற்பெருமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 'அன்று நானும் இருந்தேன்' என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இயல்பானது. நடுநாற்காலியில் அமர்ந்தவருக்கு இந்தத் தேடல் ஒரு நொடியில் முடிந்துவிடும். வரிசையின் கோடியில் நின்றவர்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அவர் அங்கே இருக்கிறார். விட்டுவிட்டார்கள் என்று குறை சொல்வதற்கில்லை. ஆனால் சட்டையின் வெள்ளை சாம்பலாகிவிட்டது. முகம் நிழலோடு நிழலாகக் கலந்திருக்கிறது. படம் எடுத்தபோது அதே மைதானம், அதே காலை வெயில் எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் விழுந்தது. படத்தில் மட்டும் அது நடுவில் இருப்பவரின் சொத்தாகிவிட்டது.

பரந்த காட்சியை ஒரே படத்துக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அகலக் கோண லென்ஸ்களுக்கு உள்ள பழைய நோய் இது. நாலு மூலைகளும் இருண்டு போகும். படக்கலைஞர்கள் இதை 'விக்னெட்டிங்' என்பார்கள். அவர்களுக்கு இது தொழில் சம்பந்தமான தொந்தரவு, பரிகாரங்களும் உண்டு. ஆனால் அந்தப் பரிகாரங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கும்போது, இதில் காமிராவைத் தாண்டிய ஒரு நியாயப் பிரச்சினை இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஒரு கண்ணாடிக் குழாயில் நியாய அநியாயம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். சாதாரண லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பார்வை குறுகியது. ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் இருபது பேர்தான் அதற்குள் அடங்குவார்கள். மற்ற முப்பது பேரும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். 'எல்லாரையும் எடுக்கிறேன்' என்று அந்த லென்ஸ் வாக்குக் கொடுக்கவில்லை. அகலக் கோண லென்ஸ் அப்படி அல்ல. 'எல்லாரும் வாருங்கள், எல்லாருக்கும் இடமுண்டு' என்று அது அழைக்கிறது. அழைத்து உள்ளே நிறுத்திய பிறகு, கோடியில் நிற்பவனுக்கு வெளிச்சம் இல்லை என்று கையை விரிக்கிறது. பந்திக்கு அழைக்காதவன் மீது நமக்கு வருவது வருத்தம். அழைத்து இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, கடைசி இலைக்கு வருமுன் வாளியைக் காலி செய்துவிட்டவன் மீது வருவது வேறொன்று.

ஆகவே, எல்லாரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறவனுக்கு மூலையில் இருப்பவனிடம் ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதுதான் கேள்வி.

தீர்ப்பதற்கு முன்னால் இருட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் சோதனை எளிமையானது. ஒரே சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் படம் எடுக்க வேண்டும். முதலில் லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து ஒன்று. பிறகு படிப்படியாகச் சுருக்கி மூன்று நான்கு. அப்புறம் லென்ஸின் முகத்தில் மாட்டியிருக்கும் பில்டர், ஹூட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடியும் அதேபோல. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நோய் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கழற்றியவுடன் இருட்டு மறைந்துவிட்டால், அது நாமே உண்டாக்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பில்டர் மாட்டியிருப்போம். அல்லது தடித்த வளையம் உள்ள பில்டராக இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்காகச் செய்த ஹூடை 28 மில்லிமீட்டர் லென்ஸில் பொருத்தியிருப்போம். இதழ் இதழாக வெட்டிய ஹூடைச் சற்றுத் திருகலாக மாட்டியிருந்தாலும் போதும். இந்த வகை இருட்டு மூலையைக் கத்தரித்தது போல வரும். துவாரத்தைச் சுருக்கினால் மறையாது, அதன் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். இங்கே வேடிக்கை என்னவென்றால், பில்டரையும் ஹூடையும் மாட்டியது லென்ஸுக்குக் கீறல் விழாமலும், வேண்டாத கூச்ச ஒளி உள்ளே வராமலும் காப்பதற்காகத்தான். காவலுக்கு வைத்தது மூலைக்காரனின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருப்பவனுக்கு அந்தக் காவலால் ஒரு குறையும் இல்லாததால், அது வழியை மறிக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

இரண்டாவது வகை, துவாரத்தைச் சுருக்கினால் குறைவது. லென்ஸ் என்பது நீளமுள்ள ஒரு குழாய். நேராக வரும் ஒளிக்கு அதன் வாய் முழுவட்டம். சாய்வாக வரும் ஒளிக்கோ முன்விளிம்பு ஒரு பக்கமும் பின்விளிம்பு மறுபக்கமும் மறைக்கின்றன. லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து, துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டு நேரே பாருங்கள்: பெரிய வட்டமாகத் தெரியும். மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: வட்டம் ஒடுங்கிப் பாதாம் பருப்பு வடிவமாகிவிடும். மூலையில் நிற்பவனுக்குத் திறந்திருக்கும் கதவு அவ்வளவுதான். நடுவில் நின்றுகொண்டு, 'கதவு விரியத் திறந்துதானே இருக்கிறது, இவனுக்கு என்ன குறை?' என்று கேட்பவரிடம் பொய் இல்லை; அவர் நிற்கும் இடத்திலிருந்து கதவு உண்மையாகவே விரியத் திறந்துதான் இருக்கிறது. மூலைக்குப் போய்ப் பார்த்தால்தான் மற்றது தெரியும். துவாரத்தை இரண்டு மூன்று ஸ்டாப் சுருக்கிக்கொண்டால், நடுவிலிருந்து பார்த்தாலும் மூலையிலிருந்து பார்த்தாலும் அதே சிறு வட்டம் முழுதாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் குறையும். எக்ஸ்போஷர் நேரம் கூடும். அவசரக்காரருக்கு அது பிடிக்காது.

இந்த இரண்டையும் செய்த பிறகும் கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கும். அது மூன்றாவது வகை. அதற்கு யார் மீதும் குற்றம் சாட்ட முடியாது. நடுவைவிட மூலை லென்ஸிலிருந்து தூரத்தில் இருக்கிறது. தூரம் கூடினால் வெளிச்சம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். சாய்வாகப் பார்ப்பதால் துவாரமே ஒடுங்கித் தெரிகிறது. போதாக்குறைக்கு ஒளி பிலிமின் மேல் மாலை வெயில்போலச் சாய்ந்து விழுந்து பரவிவிடுகிறது. இவற்றையெல்லாம் பெருக்கினால், சாய்வுக் கோணத்தின் கொசைனை நாலு தடவை பெருக்கிய அளவுக்குத்தான் மூலைக்கு ஒளி கிடைக்கும். 30 டிகிரி சாய்வில் பதினாறில் ஒன்பது பங்கு. 45 டிகிரியில் கால் பங்கு. எளிய லென்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 35 மில்லிமீட்டர் பிலிமில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் மூலைக்குச் சுமார் 70 சதவிகிதம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸின் மூலைக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அழைப்பு அகல அகல, பங்கு குறைந்துகொண்டே போகிறது.

சமூகத்தின் மூலைகளைப் பற்றி நாம் பேசும் பேச்சில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். ஒரு சாரார் எல்லா இருட்டையும் மூன்றாவது வகை என்று சொல்லிவிடுகிறார்கள். 'இயற்கை அப்படி, விதி அப்படி, கோடியில் நிற்பவனுக்குக் குறையத்தான் செய்யும்' என்கிறார்கள். தாங்கள் மாட்டிவைத்த வளையத்தைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிப்பதில்லை. இன்னொரு சாரார் எல்லாவற்றையும் முதல் வகை என்கிறார்கள். எங்கோ ஒரு கை வேண்டுமென்றே மறைக்கிறது என்று நம்பி, கழற்றக் கூடியதையெல்லாம் கழற்றிவிட்டு, அப்புறமும் மூலை இருண்டிருப்பதைக் கண்டு மனம் கசந்து போகிறார்கள். முதலாமவர் செய்வது அநீதி. இரண்டாமவருக்கு நேர்வது ஏமாற்றம். இரண்டு பேருமே வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

சரி, மூன்றாவது வகை இருட்டு இயற்கையின் விதி என்றே ஒப்புக்கொள்வோம். அப்படியானால் கடன் தீர்ந்துவிட்டதா?

1900-ஆம் ஆண்டில் பெர்லினில் இருந்த கோயர்ஸ் கம்பெனிக்காக எமில் ஃபான் ஹோக் என்பவர் 'ஹைபர்கான்' என்ற லென்ஸை வடிவமைத்தார். அரைக்கோளம்போல் வளைந்த இரண்டு மெல்லிய கண்ணாடிகள், அவ்வளவுதான். ஆனால் ஏறக்குறைய 135 டிகிரி அகலக் காட்சியை அது அடக்கியது. மேலே சொன்ன கணக்குப்படி, அதன் கோடிக்குக் கிடைக்கும் ஒளி நடுவுக்குக் கிடைப்பதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். நடுவுக்கு ஏற்ற நேரம் திறந்தால் ஓரம் கறுத்துவிடும். ஓரத்துக்கு ஏற்ற நேரம் திறந்தால் நடு வெந்து வெளுத்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சிறு விசிறியைப் பொருத்தினார்கள். ரப்பர் பந்தை அழுத்திக் காற்றை ஊத, விசிறி சுழலும். அகன்ற நடுப்பாகம் நடுவுக்குப் போகும் ஒளியைத் தடுக்கும். இதழ்கள் குறுகும் இடத்தில் ஓரத்துக்குப் போகும் ஒளி தாராளமாகச் செல்லும். எக்ஸ்போஷரின் பெரும்பகுதி நேரம் இப்படிச் சுழன்ற பிறகு, விசிறி விலகிக்கொள்ளும். மிச்சமிருக்கும் சிறிது நேரத்தில் நடு தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும். இன்று விசிறிக்குப் பதில், நடுவில் கறுத்து ஓரத்தில் தெளிந்த பில்டர் ஒன்றை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூலைக்கு ஒளியைக் கூட்டிக் கொடுக்க உலகத்தில் ஒருவராலும் முடியவில்லை. முடிந்ததெல்லாம் நடுவை நிறுத்திவைப்பதுதான். இதைக் கேட்டதும் நடுவில் இருப்பவர் திடுக்கிடுவார்: "அவனுக்குக் கொடுப்பதற்காக என்னிடம் பறிக்கிறீர்களா?" என்பார். படம் கழுவி வந்த பிறகு அவர் தம் முகத்தைப் பார்க்கட்டும். அதில் ஒரு குறையும் இராது. தேவையான அளவு ஒளியை அவர் பெற்றிருக்கிறார். அவரிடமிருந்து எடுத்தது அவருடைய ஒளியை அல்ல, முந்திக்கொள்ளும் வசதியை. ஆனால் இந்த ஏற்பாட்டில் செலவே இல்லை என்று சொல்லி நான் அவரை ஏமாற்ற விரும்பவில்லை. எல்லாரும் கூடுதல் நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் இருப்பவரும் நிற்க வேண்டும். அந்தப் பொறுமைதான் விலை. அதைக் கொடுக்க மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொடுத்தால் அழிந்துவிடுவோமா என்பது கேள்வி அல்ல.

'விதி' என்று நாம் சொன்னதுகூட முற்றும் அசையாதது அல்ல. சோவியத் நாட்டு லென்ஸ் நிபுணர் ருசினோவ், வெளிப்பக்கம் நன்றாக வளைந்த கண்ணாடிகளை இருபுறமும் வைத்து, சாய்ந்து பார்க்கும்போது துவாரம் ஒடுங்குவதற்குப் பதிலாகப் பெருத்துத் தெரியும்படி 1940-களில் செய்து காட்டினார். கொசைனின் நாலு பெருக்கல் மூன்றாகக் குறைந்தது. விமானத்திலிருந்து நிலப்படம் எடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. இயற்கையை அவர் வெல்லவில்லை. எது எவ்வளவு இயற்கை என்று இன்னும் கொஞ்சம் கறாராக விசாரித்தார்.

இன்றைய காமிராக்களும் செல்போன்களும் இவ்வளவு பாடுபடுவதில்லை. எந்த லென்ஸில் எந்த மூலை எவ்வளவு இருளும் என்ற கணக்கு அவற்றுக்குள் இருக்கிறது. நாலில் ஒரு பங்கு வந்திருந்தால் நாலால் பெருக்கிவிடுகின்றன. மூலை பளிச்சென்று வெளுத்துவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இதனால் குற்றமில்லை. ஆனால் பெருக்கும்போது கிடைத்த சிறிது ஒளியோடு, அதில் கலந்திருந்த குப்பையும் சேர்ந்தே பெருகுகிறது. இரவில் எடுத்த படத்தின் மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெளிச்சம் இருக்கும், முகம் இராது; மணல் தூவியது போலப் புள்ளிகள்தாம் இருக்கும். ஒருவனுக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிற்பாடு ஏட்டில் எழுதி நேர் செய்துவிடலாம் என்று நினைப்பதன் எல்லை இதுதான். கொஞ்சம் கொடுத்திருந்தால் பெருக்கலாம். ஒன்றுமே கொடுக்காத இடத்தில் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது?

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். 'மூலை இருட்டைக் கலைஞர்களே விரும்பி உண்டாக்குவதில்லையா?' என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவின் ஆன்ஸல் ஆடம்ஸ் போன்ற பெரியவர்கள் டார்க்ரூமில் பிரிண்ட் போடும்போது ஓரங்களை மட்டும் சற்றே கறுக்க வைப்பதுண்டு. கண் வெளியே ஓடாமல் படத்துக்குள்ளேயே நிற்பதற்காக. நாவலாசிரியனும் அதைத்தான் செய்கிறான். கதாநாயகனின் தவிப்பை அறுபது பக்கம் எழுதுகிறவன், அவன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு இரண்டு வரிதான் கொடுக்கிறான். எல்லாருக்கும் அறுபது பக்கம் கொடுத்தால் கதை நகராது.

ஆனால் எங்கே இருட்ட வேண்டும் என்று ஆடம்ஸ் பார்த்துப் பார்த்து இருட்டினார். லென்ஸ் தானாக இருட்டியதை அவர் கலை என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாளுக்கு இரண்டே வரி என்று தெரிந்து தீர்மானித்த ஆசிரியன், அந்த இரண்டு வரியிலும் அவள் முகம் தெரியும்படி எழுதிவிடுவான். அவள் அங்கே இருப்பதையே கவனியாதவன் அறுபது பக்கம் கொடுத்தாலும் அவளை எழுத முடியாது. அளவு குறைவாக இருக்கலாம். அது பார்த்துக் கொடுத்த குறைவாக இருக்க வேண்டும்.

வானசாஸ்திரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. நட்சத்திரங்களைப் படம் எடுப்பதோடு, அந்தி வானத்தின் வெறும் வெளிச்சத்தையோ, ஒரே சீராக ஒளியூட்டிய திரையையோ தனியாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. தங்கள் தொலைநோக்கி எந்த மூலைக்கு எவ்வளவு ஓரவஞ்சனை செய்கிறது என்பது மட்டும் தெரியும். பிறகு நட்சத்திரப் படத்தை இந்த வெற்றுப் படத்தால் வகுத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியையும் நிறுக்கிறார்கள். மூலையில் மங்கலாகத் தெரியும் ஒன்றை மங்கலான நட்சத்திரம் என்று அவர்கள் உடனே தீர்மானித்துவிடுவதில்லை. முதலில் சந்தேகப்படுவது தங்கள் கண்ணாடியைத்தான். பல பேரை ஒரே பார்வையில் அடக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கும், வீட்டில் நாலு பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் அந்த வழக்கம் வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.