அடுத்தடுத்து நிகழ்ந்தால் போதுமா?

1998 ஏப்ரல் 25 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அதே திசையில், ஏறத்தாழ அதே நேரத்தில், அசாதாரணப் பிரகாசத்தோடு ஒரு சூப்பர்நோவாவும் தென்பட்டது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காரண காரியமா?

தத்துவஞானி டேவிட் ஹியூமின் பழைய கேள்விதான்: ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதைக் காண்கிறோம், இரண்டையும் இணைக்கும் பிணைப்பைக் கண்டவர் யார்?

2003 மார்ச் 29இல் நிகழ்ந்த மற்றொரு காமா கதிர் வெடிப்பில் சாட்சி உள்ளிருந்தே வந்தது. வெடிப்புக்குப் பின் எஞ்சும் பின்னொளி நாளுக்கு நாள் மங்க மங்க, அதன் நிறமாலையிலிருந்தே சூப்பர்நோவாவின் அகன்ற தடங்கள் மேலெழுந்தன. அவை 1998இல் கண்டவற்றை அப்படியே ஒத்திருந்தன. தற்செயல் என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது.

2011 டிசம்பரில் மணிக்கணக்கில் நீடித்த வெடிப்பைத் தொடர்ந்த சூப்பர்நோவாவோ 1998இல் கண்டதைவிட மூன்று மடங்கு பிரகாசம். இத்தகைய சூப்பர்நோவாக்களை வழக்கமாக ஒளிரவைக்கும் கதிரியக்க நிக்கலால் மட்டும் அவ்வளவு ஒளி தர இயலாது. அதிவேகமாகச் சுழலும் காந்த நியூட்ரான் விண்மீனே காரணம் என்று ஆய்வாளர்கள் அனுமானித்தார்கள். நம்பத்தக்க அனுமானம்தான்; ஆனால் அந்த விண்மீனை எவரும் பார்த்ததில்லை.