கல்லும் மண்ணும்

உறுதிக்குக் கல்லை உவமை கூறுவது நம் வழக்கு. அக்கல்லும் கரையும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடர் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது என்பர் நிலவியலார். இத்தகைய பாறையும் மழைக்கு ஆட்படுகிறது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி விரிசல்களில் இறங்குகிறது. வேர்கள் அவ்விரிசல்களை அகலப்படுத்துகின்றன. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் காலப்போக்கில் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் எளிதில் மாறாமல் மணலாக எஞ்சுகிறது. இரும்பு துருவேற, மண் சிவக்கிறது.

இஃது அழிவா, ஆக்கமா? மணல் மட்டும் இருப்பின் நீர் தங்காது. களி மட்டும் இருப்பின் வேருக்குக் காற்று எட்டாது. இரண்டும் கலந்த மண்ணிலேதான் பயிர் செழிக்கும்.

பிழைப்பு நாடி வந்து இங்கு வேரூன்றிய நாம், நம் மக்கள் கன்னடத்தில் விளையாடி, ஆங்கிலத்தில் பயின்று, தமிழில் தடுமாறக் காண்கையில், எல்லாம் கரைந்ததே என வருந்துகிறோம். உணவும் உடையும் பழக்கமும் இடத்திற்கேற்ப நெகிழட்டும். அந்நெகிழ்ச்சியின்றி அண்டை வீட்டாரோடு உறவு ஏது? ஆனால், தாய்மொழி நெகிழ்ந்து மறையும் பகுதியாதல் தகுமா?

குவார்ட்ஸ் தன் இயல்பால் நிற்கிறது. மொழிக்கு அவ்வியல்பு இல்லை. பேசுவோர் உள்ளவரையே அது நிற்கும். எதை நெகிழவிடுவது, எதை நிறுத்துவது என்று தேரும் உரிமை கல்லுக்கு இல்லை, நமக்கு உண்டு. அத்தேர்வை நம் வீட்டு உணவு வேளைப் பேச்சிலேயே தொடங்குவோமாக.