முகம் தெரியாத பரீட்சகர்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பெரியாழ்வாரின் பொற்கிழிக் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊர் நந்தவனத்திலிருந்து மதுரைக்குப் போன விஷ்ணுசித்தர், பாண்டியன் சபையில் பேசி முடித்ததும், கம்பத்தில் கட்டியிருந்த கிழி தானாகவே தாழ்ந்து அவரிடம் வந்தது என்பார்கள். பரீட்சகருக்கு வேலையே இல்லை. எவ்வளவு சௌகரியம்! அதே மதுரையில் நக்கீரர் கதை வேறு தினுசு. எதிரே நின்றவர் நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும் பாட்டில் குற்றம் குற்றமே என்றார். முகத்தை மறைத்துக் கொள்ளவில்லை.

இன்றைய விஞ்ஞானப் பத்திரிகைகளில் கிழியும் தாழ்வதில்லை, பெரும்பாலும் நக்கீரரும் எதிரே வருவதில்லை. வந்த கட்டுரையை ஆசிரியர் அத்துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் யார் என்பது எழுதியவனுக்குத் தெரியாது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மனநோய் வைத்தியம் படித்து, மருத்துவக் கல்லூரியில் உத்தியோகம் பார்க்கிறான். வத்திராயிருப்புப் பக்கம் வீடு வீடாக அலைந்து எழுதிய கட்டுரை, ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 'புதிதாக ஒன்றுமில்லை' என்று ஒரே ஒரு வரி.

"என்ன தப்பு என்றாவது சொல்லக் கூடாதா, மாமா?" என்றான்.

கட்டுரை அச்சேறினால்தான் பதவி உயர்வு. பணம் கட்டினால் எதையும் அச்சிட்டுத் தரும் கடைகளும் இண்டர்நெட்டில் விரித்திருக்கின்றன. அந்தப் படியை மிதிக்காமல் ஒரு வாலிபன் எத்தனை நாள் பொறுத்திருப்பான்?

லண்டனில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1999 முதல் பரீட்சகர் பெயரை எழுதியவருக்குச் சொல்லிவிடுகிறது. மனநோய் வைத்தியர்களின் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யோ இதைப் பரீட்சித்தே பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டது. கையெழுத்திடச் சம்மதமா என்று கேட்டதில், நூற்றுக்கு 76 பேர் சம்மதித்தார்கள். அவர்களுக்கு வந்த கட்டுரைகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கையெழுத்து உண்டு, மறு பாதிக்குக் கிடையாது. கையெழுத்திட்ட மதிப்புரைகள் தரத்தில் உயர்ந்திருந்தன, மரியாதையாகவும் இருந்தன. எழுத நேரமும் அதிகம் பிடித்தது. அச்சிடலாம் என்று சிபாரிசு செய்ததும் அவற்றில்தான் அதிகம். தாட்சண்யம் புகுந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கென்னவோ, பெயர் போட்டதும் மனிதன் கட்டுரையை முழுக்கப் படிக்கிறான் என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் எல்லோரும் கையெழுத்திட வேண்டியதுதானே? அங்கேதான் தயங்குகிறேன். நம் தேசத்தில் லட்சம் பேருக்கு ஒரு மனநோய் வைத்தியர்கூடத் தேறமாட்டார். ஒருவரையொருவர் அறியாதவர் குறைவு. நாளைக்கு இதே பையனிடம் ஒரு பெரிய புரொபஸரின் கட்டுரை வரலாம். குறையை எழுதிக் கீழே பெயரும் போட்டால், அடுத்த இண்டர்வியூவில் எதிர் நாற்காலியில் அந்தப் பெரியவரே உட்கார்ந்திருப்பார். நக்கீரர் சங்கத்தில் தலைமை ஸ்தானத்தில் இருந்தவர். நேற்றுச் சேர்ந்த புலவராயிருந்தால் வாய் திறந்திருப்பாரா?

எளியவன் உண்மை பேசத் திரை வேண்டும், எடுத்துவிடக் கூடாது. ஆனால் பதவியும் பட்டமும் எல்லாம் பார்த்துவிட்ட பெரியவருக்கு அதற்குள் என்ன வேலை? யாருக்குப் பயந்து ஒளிகிறார்? அவர் தம் பெயரைப் போடட்டும். அந்த ஒற்றை வரியை எழுதியவர் எந்த வயதுக்காரரோ, பையனுக்கு இன்னும் தெரியாது. கட்டுரையை வேறொரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறான்.