புலனும் பிராணனும்

மூன்றாம் வகுப்பில் பயிலும் என் பேரன் ஒரு மாலைப்பொழுதில் தன் அறிவியல் பாடநூலோடு என்னிடம் வந்தான். விலங்குகள் தம் புலன்களால் எவ்வாறு இரை தேடுகின்றன, எவ்வாறு பகைக்குத் தப்புகின்றன என்பது பாடம். "தாத்தா, எறும்புக்கு மெய், வாய், மூக்கு மூன்றுதான் என்று ஜினாலய வகுப்பில் சொன்னார்கள். இந்தப் புத்தகத்தில் எறும்புக்குக் கண் இருக்கிறதே! எது சரி?" என்று வினவினான்.

இவ்வினா நம் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடியது. பிள்ளையை அதட்டி அடக்குவது விடையாகாது.

தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்னும் வரிசையில் ஒவ்வோர் இந்திரியம் மிகுந்து வருவதாக உரைக்கிறது. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. இக்கால உயிரியலோ எறும்பினங்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு என்கிறது. கண்ணில்லாத மண்புழுவும் தோலினால் ஒளியை உணர்கிறது. ஓசைக்கு அசையாத மண்புழுக்கள், பியானோவின்மேல் தொட்டியோடு வைக்கப்பட்டபோது அதன் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒடுங்கியதைச் சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்துள்ளார்.

இவ்வேறுபாடு கண்டு நாம் கலங்க வேண்டுவதில்லை. இந்திரியங்களை எண்ணியதன் பயன் ஒழுக்கத்தில் உள்ளது. ஈரிந்திரியம் முதலாக இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லாதிருத்தல் இல்லறத்தாரின் அணுவிரதம். ஓர் உயிருக்கு நாம் எண்ணியதினும் ஒரு புலன் மிகுதி என்று இன்று தெரியவருமாயின், அவ்வுயிரிடத்து நம் கவனமும் ஒருபடி மிகவேண்டுமேயன்றிக் குறைதல் தகாது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. நம் மரபு பத்துப் பிராணன்களைக் கூறுகிறது. மனம், வாக்கு, காயம் என்னும் மூவகைப் பலமும், உயிர்ப்பும், ஆயுளும் ஒருபுறமிருக்க, ஐம்பொறிகளும் பிராணன்களாகவே எண்ணப்படுகின்றன. புலன் உயிரைக் காக்கும் கருவி என்று பாடநூல் கூறுகிறது. அதனை உயிரின் கூறாகவே ஆன்றோர் கண்டனர். ஆகவே ஒரு புலனை மயக்குவதும் பிராணனுக்கு ஊறு செய்வதே.

விட்டிற்பூச்சியை நோக்குவோம். இரவில் பறக்கும் பூச்சிகள் ஒளிமிக்க வானத்திற்கு முதுகைக் காட்டியவாறு பறந்து, அதனால் மேல் எது, கீழ் எது என அறிகின்றன. விளக்கருகே வந்ததும் அதனையே வானென மயங்கி, முதுகை அதன்பால் திருப்பிச் சுழல்கின்றன என்பதை 2024-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. விளக்கை நாடி வரும் பூச்சிகள் உணவில் வீழ்ந்து மடியும் என்பதறிந்தே நம் முன்னோர் இரவுணவைத் துறந்தனர்.

கடலாமைக் குஞ்சுகளுக்கு நேர்வதும் இதுவே. முட்டையினின்று வெளிவந்ததும் ஒளிமிக்க திசையே கடலென்று கொண்டு அவை விரைகின்றன. சென்னைக் கரையில் அவ்வொளி தெருவிளக்கினுடையதாக அமைந்துவிடுகிறது. இத்தகைய இடர்களினின்று அவற்றைக் காக்க, 1988 முதல் அங்கே மாணவர்கள் இரவில் கரைநெடுக நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் திரட்டிப் பேணி வருகின்றனர்.

விளக்கேற்றியவர் கொல்லக் கருதவில்லையே எனலாம். கவனமின்மையால் பிராணனைப் பிரிப்பது இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அறியாதிருந்த காலத்துச் செய்தது வேறு. அறிந்தபின்னும் வேண்டாத விளக்கை விடியுமளவும் எரியவிடுவது வேறு.

என் பேரனுக்கு இவற்றை எளிய சொற்களில் கூறினேன். "அப்படியானால் பரீட்சையில் எறும்புக்குக் கண் உண்டு என்றே எழுதலாமா?" என்றான். எழுதலாம் என்றேன். பின்பு வாசல் விளக்கைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "இதை எத்தனை மணிக்கு அணைக்கலாம்?" என்று கேட்டான். பெற்றோர்களே, புலன்களைப் பற்றிய பாடம் முடிந்ததும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து, இப்புலன்களுக்கு நம் வீட்டால் நேரும் இடர் யாது என்றும் எண்ணிப் பார்ப்போமாக.